வேலியே பயிரை மேய்ந்தால்?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

"வேலியே பயிரை மேய்ந்தால் காப்பது யார்?" என்று பெரியோர் கேட்பதுண்டு. வேலி மேய்ந்த செய்தி தெரிந்துவிட்டால் உழவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு வேலி கட்டிக் கொள்வார். ஆனால் இரவில் மேய்ந்த அந்த வேலியே, காலையில் வரும் உழவரிடம், "பயிரில் ஒரு தாள் கூடக் குறையவில்லை, ஐயா" என்று சொல்லி, அவர் கண்ணுக்கு முழு வயலையே காட்டுமானால் அவர் என் செய்வார்? பாவம், வழக்கம்போல் நீர் பாய்ச்சிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவார்!

கணிப்பொறி உலகில் இப்படிப்பட்ட வேலி ஒன்று உண்டு. அதற்கு 'ரூட்கிட்' என்று பெயர். வைரஸ் என்பதைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். வைரஸைத் திருடன் என்று கொண்டால், ரூட்கிட் என்பது அந்தத் திருடனை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, தேடி வருபவர்களிடம் "இங்கே யாரும் இல்லையே" என்று சொல்லும் காவல்காரன் எனலாம். நம் பெற்றோரின் வங்கிப் பணம் முதல் நம் மாநிலத்து அணுமின் நிலையம் வரை யாவும் கணிப்பொறியின் சொல்லை நம்பியே நடக்கும் இக்காலத்தில், கணிப்பொறி பொய் சொல்வது எப்படி, அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை நாம் அறிந்திருப்பது நலம் அன்றோ!

பெயர்க் காரணம்

'யூனிக்ஸ்' என்னும் இயக்க முறைமையில் எல்லா அதிகாரமும் உடைய தலைமைப் பயனருக்கு 'ரூட்' என்று பெயர். ரூட் என்றால் வேர். வேரைப் பிடித்தவர் மரத்தையே பிடித்தவர் ஆவார். எந்தக் கோப்பையும் அவர் படிக்கலாம், அழிக்கலாம், மாற்றலாம். 'கிட்' என்பது தச்சர் தோளில் மாட்டி வரும் கருவிப் பை போன்றது. வேரின் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஒருவன், அதைப் பிறர் அறியாமல் வைத்துக் கொள்வதற்கான கருவிப் பையே ரூட்கிட். இப்பெயர் 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வழக்கிற்கு வந்தது.

ஒரு செய்தியை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ரூட்கிட் கதவை உடைப்பதில்லை. எளிய கடவுச்சொல், திருட்டு மென்பொருள், தெரியாதவர் அனுப்பிய இணைப்பு, பழைய மென்பொருளில் அடைக்கப்படாத ஓட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாகத் திருடன் முன்பே உள்ளே வந்துவிடுகிறான். வந்தவன் போகாமல் தங்குவதற்கும், தங்கியிருப்பது தெரியாமல் இருப்பதற்கும் உதவுவதே ரூட்கிட்டின் வேலை.

மறைந்திருக்கும் கலை தொடங்கிய கதை

மறைந்து கொள்ளும் உத்தி ரூட்கிட் என்ற பெயரைவிடப் பழையது. 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த ஆல்வி சகோதரர் இருவர், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுப் படி எடுப்பது கண்டு வருந்தினர். திருடுவோரைக் கண்டுபிடிக்க 'பிரெய்ன்' என்னும் நிரல் ஒன்றை எழுதினர். அதில் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அவர்களே எழுதி வைத்திருந்தனர்! தனிநபர் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் என்று இன்று கருதப்படுவது இதுவே.

பிரெய்ன் வைரஸ், நெகிழ்தட்டின் முதல் பகுதியில் குடியேறி, அங்கே முன்பிருந்த நல்ல பகுதியை வேறிடத்தில் பத்திரமாக எடுத்து வைத்துக் கொள்ளும். பிறகு யாரேனும் அந்த முதல் பகுதியைப் படிக்க முயன்றால், தன்னைக் காட்டாமல், எடுத்து வைத்த நல்ல பகுதியைக் காட்டும். கேட்டவருக்குக் கேட்ட விடை கிடைக்கிறது. ஆனால் அது உண்மையான விடை அன்று. இன்றைய ரூட்கிட்டுகள் யாவும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். செய்யும் இடம் மட்டுமே மாறுகிறது.

அடுக்கு அடுக்காய் ஒரு வீடு

இடம் என்றால் என்ன? கணிப்பொறியை ஓர் அடுக்கு மாடி வீடாக எண்ணிப் பார்ப்போம். மேல்மாடியில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்கள் இருக்கின்றன. அதற்குக் கீழ்மாடியில் இயக்க முறைமையின் உள்ளீடாகிய 'கெர்னல்' இருக்கிறது. அதற்கும் கீழே, கணிப்பொறியை எழுப்பிவிடும் தொடக்க நிரல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், தாய்ப்பலகையின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்ட 'ஃபர்ம்வேர்' அடித்தளமாக இருக்கிறது.

மேலே இருப்பவர் எதையும் தாமே நேரில் பார்ப்பதில்லை. கீழே இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்து கொள்கிறார். ஒரு மாணவியின் மதிப்பெண் வேண்டுமானால் ஆசிரியை அலுவலக எழுத்தரைக் கேட்கிறார். எழுத்தர் பதிவறைக்காரரைக் கேட்கிறார். பதிவறைக்காரர் ஒருவர் பொய் சொன்னால் போதும். எழுத்தரும் ஆசிரியையும் நேர்மையானவர்களாக இருந்தும் அந்தப் பொய்யையே மேலே கொண்டு செல்வார்கள். ஆகவே ரூட்கிட் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு வலிமை பெறுகிறது. அதன் வகைகளும் இவ்வடுக்குகளைக் கொண்டே பிரிக்கப்படுகின்றன.

ரூட்கிட்டின் வகைகள்

1. பயனர் நிலை ரூட்கிட்: இது மேல்மாடியில் வாழ்வது. தொடக்க கால ரூட்கிட்டுகள், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, ஓடிக் கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் கட்டளை ஆகியவற்றை எடுத்துவிட்டு, அவற்றைப் போலவே தோன்றும் போலிகளை வைத்தன. போலிக் கட்டளை எல்லாவற்றையும் சரியாகவே காட்டும். திருடனுக்குரிய கோப்பை மட்டும் காட்டாது. பின்னர் வந்தவை, முழு நிரலையும் மாற்றாமல், ஓடும் நிரலின் நினைவகத்தில் ஓரிரு இடங்களை மட்டும் திருத்தின. நம் வடபழனிப் படப்பிடிப்பு நிலையங்களில் ஒரு நடிகையின் வாயசைப்புக்கு வேறொருவர் குரல் கொடுப்பதில்லையா? அதுபோல, வாய் பழைய நிரலுடையது, குரல் மட்டும் ரூட்கிட்டுடையது!

2. கெர்னல் நிலை ரூட்கிட்: இது ஒரு மாடி கீழே இறங்கியது. எல்லா நிரல்களும் கோப்பைத் திறக்கவும், வலைப்பின்னலோடு பேசவும் கெர்னலையே அணுக வேண்டும். கெர்னலிடம் எந்த வேலைக்கு எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையில் ஒரு வரியைத் திருத்திவிட்டால், கோப்பைக் கேட்டு வரும் எல்லா நிரல்களும் முதலில் ரூட்கிட்டின் வாசலுக்கே போகும். வைரஸ் தடுப்பு நிரலும் அப்படித்தான் போயாக வேண்டும். திருடனிடமே போய்த் திருடன் எங்கே என்று கேட்ட கதையாக முடியும்.

3. தொடக்க நிலை ரூட்கிட்: இதற்குப் 'பூட்கிட்' என்றும் பெயர். கணிப்பொறியைப் போட்டவுடன் இயக்க முறைமை விழித்து எழுவதற்கு முன்பே இது எழுந்துவிடும். திரை விலகுவதற்கு முன்பே மேடையில் வந்து நின்றுவிடும் நடிகனைப் போல! காவலர் வேலைக்கு வருவதற்கு முன்பே திருடன் காவலர் அறையில் உட்கார்ந்திருந்தால் காவலர் என்ன செய்ய முடியும்? 'அலூரியான்' என்றும் டி.டி.எல். என்றும் வழங்கப்பட்ட குடும்பத்தில் 2010ஆம் ஆண்டில் வந்த ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது.

4. ஃபர்ம்வேர் ரூட்கிட்: இது அடித்தளத்தில் வாழ்வது. வன்தட்டை முழுவதும் அழித்து இயக்க முறைமையைப் புதிதாக நிறுவினாலும் இது போகாது. வன்தட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் பொருத்தினாலும் போகாது. ஏனெனில் அது இருப்பது தாய்ப்பலகையின் சில்லில். 2018ஆம் ஆண்டு 'லோஜாக்ஸ்' என்னும் இவ்வகை ரூட்கிட், ஆய்வுக் கூடத்தில் அன்றி உண்மையான தாக்குதலிலேயே பயன்படுத்தப்பட்டதை 'ஈசெட்' நிறுவனத்தார் கண்டுபிடித்தனர்.

5. மெய்நிகர் ரூட்கிட்: இது எல்லாவற்றையும்விட வியப்பானது. இயக்க முறைமை முழுவதையும் அப்படியே தூக்கி, தான் அமைத்த ஒரு போலிக் கணிப்பொறிக்குள் இது வைத்துவிடும். ஸ்டூடியோவில் போட்ட தெருவைப் பார்த்தால் அசல் தெருவாகவே தோன்றும். வீடுகள் உண்டு, திண்ணை உண்டு, விளக்குக் கம்பமும் உண்டு. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த குழந்தை ஒன்று இருந்தால் அது அட்டை என்று அக்குழந்தைக்கு எப்படித் தெரியும்? 2006ஆம் ஆண்டு போலந்து நாட்டு ஆராய்ச்சியாளரான ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற பெண்மணி, 'புளூ பில்' என்ற பெயரில் இதனைச் செய்து காட்டி எச்சரித்தார். திருடுவதற்காக அன்று, ஓட்டை இருக்கிறது என்று உலகுக்கு உணர்த்துவதற்காகவே.

பாட்டுத் தட்டில் வந்த வினை

2005ஆம் ஆண்டு 'சோனி பி.எம்.ஜி.' என்னும் இசை நிறுவனம், தன் பாட்டுத் தட்டுகளைப் பிறர் படி எடுக்காதிருக்க ஓர் ஏற்பாடு செய்தது. தட்டைக் கணிப்பொறியில் போட்டால், வாங்கியவருக்குச் சரிவரத் தெரிவிக்காமலே ஒரு நிரல் உள்ளே புகுந்து ஒளிந்து கொள்ளும். குறிப்பிட்ட ஐந்து எழுத்துக் குறிகளில் தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் இதனைக் கண்டு உலகறியச் செய்தார்.

அதன் பின் நடந்ததுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். அந்த மறைவிடம் யார் கேட்டாலும் இடம் கொடுத்தது! வேறு திருடர்கள் தங்கள் நிரல்களுக்கு அதே ஐந்து குறிகளைப் பெயருக்கு முன்னால் போட்டு, நோகாமல் ஒளிந்து கொண்டனர். நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது, வழக்குகளும் வந்தன. லாகூர் சகோதரர்களும் இந்நிறுவனமும் எண்ணியது ஒன்றே: தம் பொருளைப் பிறர் படி எடுக்கக் கூடாது. அது நியாயமான எண்ணமே. ஆனால் பிறர் வீட்டில் அவர் அறியாமல் ஒரு மறைவறை கட்டினால், அதில் யார் வந்து தங்குவார் என்பது கட்டியவர் கையில் இல்லை.

இயந்திரம் பாடிய பழைய பாட்டு

2010ஆம் ஆண்டு சூன் மாதம் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்று 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நிரலைக் கண்டுபிடித்தது. ஈரான் நாட்டின் நடான்ஸ் என்னும் இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைக் குறி வைத்து அது எழுதப்பட்டிருந்தது. அங்கே இயந்திரங்கள் இணையத்தோடு இணைக்கப்படவில்லை. ஆகவே பென் டிரைவ் வழியாகப் பரவும்படி அது செய்யப்பட்டிருந்தது. கணிப்பொறியில் மறைந்து கொள்ள ஒரு ரூட்கிட்டும், இயந்திரத்தை நடத்தும் 'சீமென்ஸ்' கட்டுப்பாட்டுக் கருவியில் மறைந்து கொள்ள மற்றொரு ரூட்கிட்டும் அதில் இருந்தன.

அதன் ஒரு வடிவம் செய்த தந்திரத்தைக் கேளுங்கள். இயந்திரம் ஒழுங்காக ஓடும்போது அதன் அளவீடுகளை 21 விநாடிகளுக்குப் பதிவு செய்து கொள்ளும். பிறகு இயந்திரத்தைக் கெடுக்கத் தொடங்கும்போது, பதிவு செய்த அந்த நல்ல அளவீடுகளையே திரும்பத் திரும்பக் காட்டும். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரையில் பார்த்ததெல்லாம் பழைய பாட்டு. அடுத்த கூடத்தில் நடந்ததோ அழிவு. ஏறத்தாழ ஆயிரம் இயந்திரங்கள் பழுதாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

இது எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஸ்டக்ஸ்நெட் பரவிய நாடுகளை 'சைமன்டெக்' நிறுவனம் கணக்கிட்டபோது, ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வந்த பெயர் இந்தியா. நம் நாட்டை அது குறி வைக்கவில்லை. ஆனாலும் கை மாறிக் கை மாறிப் பென் டிரைவில் வந்துவிட்டது.

கும்பகோணத்தில் நின்றுபோன அச்சுப்பொறி

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1904ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட பழம்பெரும் வங்கி 'சிட்டி யூனியன் வங்கி'. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உலக வங்கிகள் பயன்படுத்தும் 'ஸ்விப்ட்' என்னும் செய்தி முறையை அவ்வங்கியும் பயன்படுத்துகிறது. அனுப்பிய ஒவ்வொரு பணத்திற்கும் ஒப்புகைச் செய்தி வரும். அது அச்சுப்பொறியில் தாளாக வந்து விழும்.

2018 பிப்ரவரி 6ஆம் நாள் அந்த அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. அச்சுப்பொறி நின்று போவது எந்த அலுவலகத்தில்தான் நடக்காதது? ஏதோ வலைப்பின்னல் கோளாறு என்றே கருதப்பட்டது. ஆனால் உள்ளே புகுந்தவர்களே அதை நிறுத்தியிருந்தனர். மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போதுதான், வங்கியார் அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் நடந்திருப்பது தெரிந்தது. துபாய்க்கு, துருக்கிக்கு, சீனாவுக்கு என மூன்று வழிகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்! துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் உடனே தடுத்து நிறுத்தப்பட்டது. மற்றவற்றை மீட்கவும் வங்கி விரைந்து முயன்றது.

இதே வழியில் 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் மத்திய வங்கி 8 கோடியே 10 லட்சம் டாலரை இழந்தது. அங்கே புகுந்த நிரல், ஸ்விப்ட் மென்பொருளின் சரிபார்ப்பில் இரண்டே இரண்டு பைட்டுகளை மாற்றியிருந்தது. 'ஆகாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆகலாம்' என்று அது சொல்லியது. பரிமாற்றப் பதிவுகளை அழித்து, அச்சுக்குப் போகும் ஒப்புகைகளையும் திருத்தியது. மேலே முதல் வகையாகச் சொன்னோமே, அந்தப் பயனர் நிலை உத்திதான் இது. கும்பகோணத்து நிகழ்ச்சியை ரூட்கிட் என்று பெயரிட்டு அழைக்க நாம் வரவில்லை. ஆனால் சாட்சியின் வாயைக் கட்டிவிட்டுத் திருடுவது என்னும் உத்தி இரண்டுக்கும் பொதுவானது. கும்பகோணத்தில் திருட்டைக் காட்டிக் கொடுத்தது எது என்பதை மறவாதீர்கள்: விலை உயர்ந்த கருவி அன்று, மறுநாள் காலையில் இரு கணக்குகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய நல்ல வழக்கமே!

கூடங்குளம் தரும் பாடம்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தை நாம் அறிவோம். 2019 செப்டம்பர் 4ஆம் நாள், 'செர்ட்-இன்' எனப்படும் இந்தியக் கணிப்பொறி அவசர நிலைக் குழு, இந்திய அணுமின் கழகத்தின் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் இருப்பதாகத் தெரிவித்தது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் ஆராய்ந்தனர். அக்டோபர் மாத இறுதியில் செய்தி வெளியே பரவியது. அக்டோபர் 29ஆம் நாள், நிலையத்தின் கட்டுப்பாட்டு முறைகள் தனித்து இயங்குபவை, அவற்றைத் தாக்க இயலாது என்று நிலையத்தின் சார்பில் அறிவிக்கப்பட்டது. மறுநாள் அணுமின் கழகம், தீய நிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்றும், அது நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கணிப்பொறி என்றும், முக்கியமான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கியது.

வெளி ஆய்வாளர்கள் அந்நிரலை 'டிட்ராக்' என்று அடையாளம் கண்டனர். தட்டச்சு செய்வதையும், பார்த்த இணையப் பக்கங்களையும், கோப்புப் பட்டியலையும் ஒற்றுப் பார்த்துச் சொல்லும் உளவு நிரல் அது, ரூட்கிட் அன்று. ஆயினும் இரண்டு உண்மைகளை இது காட்டுகிறது. ஒன்று, நிர்வாக வலைப்பின்னலையும் கட்டுப்பாட்டு வலைப்பின்னலையும் பிரித்து வைத்தது நல்ல காப்பு. மற்றொன்று, அந்தப் பிரிவினை மட்டும் போதாது. நடான்ஸிலும் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பென் டிரைவ் அந்தப் பள்ளத்தைத் தாண்டியது. ஆகவே கருவியோடு அதைக் கையாளும் மனிதரும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி?

இப்பாடத்தைக் கேட்டபோது எங்கள் வகுப்பில் ஒரு தோழி எழுந்து, "அப்படியானால் எதைத்தான் நம்புவது, சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர் சிரித்துக் கொண்டே, "நம்பவே வேண்டாம் என்று யாரம்மா சொன்னது? ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதே, அவ்வளவுதான்" என்றார்கள். பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று ஒரு விளையாட்டு நடத்தினார்கள்.

பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவர் கையிலும் அடுத்தவர் பெயர் எழுதிய துண்டுத் தாள் இருந்தது. எண்ணும் பெண் முதல் பெண்ணின் தாளைப் படித்து இரண்டாமவரிடம் போவாள், அங்கிருந்து மூன்றாமவரிடம். எண்ணிக்கை பன்னிரண்டு வந்தது. பின்பு சிஸ்டர், ஐந்தாம் பெண்ணின் தாளில் ஆறாம் பெண்ணின் பெயரை அடித்துவிட்டு ஏழாம் பெண்ணின் பெயரை எழுதினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, தாளில் உள்ள பெயரைக் கூப்பிட்டு மட்டுமே எண்ண வேண்டும் என்பது விதி. இம்முறை எண்ணிக்கை பதினொன்று! ஆறாம் பெண் அங்கேயேதான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுத்து, எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் வழங்கப்பட்டது. டப்பாவில் பார்த்தால் பன்னிரண்டு மிட்டாய் குறைந்திருந்தது. பெயர்ப் பட்டியல் பதினொன்று என்கிறது. மிட்டாய் டப்பா பன்னிரண்டு என்கிறது. எங்கோ ஒருத்தி ஒளிந்திருக்கிறாள்!

இயக்க முறைமையும் ஓடும் நிரல்களை இப்படியே சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. சில கெர்னல் ரூட்கிட்டுகள் தங்கள் கண்ணியை மட்டும் சங்கிலியிலிருந்து கழற்றிவிடுகின்றன. ஆனால் வேலை செய்ய வேண்டுமானால் செயலியிடம் தம் பங்கு நேரத்தைப் பெற்றே ஆக வேண்டும். அந்தக் கணக்கு வேறு பட்டியலில் இருக்கிறது. இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் ஒளிந்திருப்பது தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் இந்த முறையே ரூட்கிட்டைத் தேடும் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை.

இரண்டாவது முறை, சந்தேகத்துக்குரிய கணிப்பொறியைக் கேட்காமல் வெளியாரைக் கேட்பது. அதாவது, நல்லதென்று தெரிந்த வேறொரு தட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ கணிப்பொறியைத் தொடங்கி, உள்ளே உள்ள வன்தட்டை ஆராய்வது. அப்போது ரூட்கிட் உறங்கிக் கொண்டிருக்கும். உறங்குபவனால் பொய் சொல்ல முடியாது. விண்டோஸின் 'டிஃபெண்டர்' காப்பு நிரலில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' இவ்வாறு வேலை செய்வதே.

சில வேளைகளில் பொய்யனே தடுக்கி விழுவதும் உண்டு. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு திருத்தத்தை நிறுவியதும் பல கணிப்பொறிகள் நீலத் திரை காட்டி நின்றன. ஆராய்ந்ததில், அவற்றில் அலூரியான் ரூட்கிட் முன்பே குடியிருந்தது தெரிந்தது. திருத்தம் கெர்னலின் உள்ளமைப்பைச் சற்றே மாற்ற, பழைய அமைப்பை மனப்பாடம் செய்திருந்த ரூட்கிட் கால் இடறிற்று. கிரேக்க நாட்டில் 2004, 2005 ஆண்டுகளில் பிரதமர் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கைப்பேசிகளை ஒட்டுக் கேட்ட ரூட்கிட்டும், சில குறுஞ்செய்திகள் போய்ச் சேராமையை ஆராயப் போனதால்தான் வெளிப்பட்டது. சிறு கோளாறுதானே என்று விட்டுவிடாமல் காரணம் தேடியவர்களே இவற்றைப் பிடித்தனர்.

நாம் செய்ய வேண்டியவை

1. இயக்க முறைமைக்கும் நிரல்களுக்கும் வரும் திருத்தங்களைத் தள்ளிப் போடாமல் நிறுவுதல் வேண்டும்.

2. திருட்டு மென்பொருளையும், அதைத் திறக்கும் 'கிராக்' நிரல்களையும் தொடலாகாது. அவை பெரும்பாலும் தலைமை அதிகாரம் கேட்கும். வேரைக் கேட்பவருக்கு மரத்தைக் கொடுப்போமா?

3. வீட்டுக் கணிப்பொறியில் அன்றாட வேலைக்குத் தலைமை அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். அதில் தீய நிரல் புகுந்தாலும் கெர்னல் வரை இறங்குவது கடினம்.

4. ஆற்காடு சாலையில் உள்ளவை போன்ற ஜெராக்ஸ் கடைகளுக்குச் செயல்திட்டத் தாளை அச்செடுக்கப் பென் டிரைவோடு போகிறோம். அதே பென் டிரைவை அப்பாவின் அலுவலகக் கணிப்பொறியில் செருகக் கூடாது. முதலில் சோதித்த பின்பே வீட்டிலும் பயன்படுத்த வேண்டும்.

5. கணிப்பொறியில் 'செக்யூர் பூட்' என்னும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்கக் கூடாது. தொடக்க நிரல் கையொப்பமிட்ட அசல்தானா என்று அது சோதிக்கிறது. 'பிளாக்லோட்டஸ்' என்னும் பூட்கிட் இதையும் தாண்டியது உண்மையே. அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் கதவைத் திறந்து போட்டு உறங்குவதில்லை.

6. முக்கியமான கோப்புகளுக்குத் தனி வன்தட்டில் ஒரு படி வைத்து, வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். ரூட்கிட் புகுந்தது உறுதியானால், துடைத்துச் சுத்தம் செய்வதைவிட வன்தட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதே நல்லது.

7. வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் மட்டும் பார்த்துக் கொண்டிராமல், மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். இதைப் பெற்றோருக்கு நாம் நினைவூட்டலாம். பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டுக் கொண்டிராமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைவாகச் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும்.

பிறர் கணிப்பொறிக்குள் விளையாட்டுக்காகக்கூட நுழையலாகாது. வஞ்சக எண்ணத்தோடு நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திறமையைக் காட்ட விரும்பினால் ருட்கோவ்ஸ்கா அம்மையாரைப் போல ஓட்டையைக் கண்டு, உரியவரிடம் சொல்லி, அடைக்க உதவலாமே!

முடிவுரை

ரூட்கிட் பல வகையாயினும் அது செய்வது ஒன்றே. நாம் நம்பும் இடத்தில் புகுந்து, நாம் கேட்க விரும்பும் விடையைச் சொல்கிறது. நடான்ஸில் திரை பொய் சொன்னது. கும்பகோணத்தில் அச்சுப்பொறி வாய் மூடிக் கொண்டது. அதற்கு மருந்தும் ஒன்றே. ஒருவர் சொன்னதை வேறொருவரைக் கேட்டுச் சரிபார்க்கும் பொறுமைதான் அது. அந்தப் பொறுமை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கணக்குப் பாடத்தில் விடை வந்த பின்னும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கத்திலிருந்தே வருகிறது.

எனவே தோழியரே, வேலியை நம்புவோம். ஆனால் நாள்தோறும் வயலில் இறங்கி நம் கண்ணாலும் ஒருமுறை பார்த்து வருவோம்.